செருப்பை எங்கே விடுவது? ஜப்பான் போகிறவர்களின் கேள்விகள்

மார்ச் கடைசியில் செர்ரி மரங்கள் பூக்கும் நாட்களைக் குறிவைத்து டிக்கெட் எடுத்தவர்கள் நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். அதனால் இந்த முறை பயணப் பகுதி முழுக்க ஜப்பான்தான். விசா, ஹோட்டல் வாடகை பற்றிய கேள்விகளை ஒதுக்கிவிட்டோம். அங்கே போய் எப்படி நடந்துகொள்வது என்று கேட்டவற்றுக்கு மட்டும் பதில்.

வீட்டுக்குள் செருப்பைக் கழற்றிவிட்டுப் போகவேண்டுமாம். இது நமக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம்தானே? இதில் தெரிந்துகொள்ள என்ன இருக்கிறது?
– சென்னை வாசகி

பழக்கம் என்பதால்தான் நம்மவர்கள் இதில் தடுக்கி விழுகிறார்கள். நம் ஊரில் செருப்பு வாசற்படிக்கு வெளியே. ஜப்பானில் கதவைத் திறந்து உள்ளே நுழைந்த பிறகுதான் அதற்கான இடம். அதற்குக் கென்கான் என்று பெயர். சிமெண்டோ ஓடோ பதித்த தாழ்வான தளம். அங்கிருந்து ஒரு படி உயரத்தில் மரத்தரை தொடங்கும். தாழ்ந்த தளம் தெருவோடு சேர்த்தி, உயர்ந்தது வீட்டோடு சேர்த்தி. ஷூக்கால் மேலே படக்கூடாது என்பது எல்லோருக்கும் தெரிகிறது. சாக்ஸ் போட்ட கால் கீழே படக்கூடாது என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். கதவோரமாக ஷூவைக் கழற்றிவிட்டு, அந்தத் தளத்தில் நாலு எட்டு வைத்து மேலே ஏறினால், தெரு அழுக்கை மிதித்த காலோடு வீட்டுக்குள் வந்ததாகக் கணக்கு. படியை ஒட்டி வந்து நின்று, ஒரு காலைக் கழற்றி நேராக மேலே வையுங்கள். பிறகு அடுத்த கால். ஏறிய பிறகு குனிந்து, ஷூவின் முனை கதவைப் பார்க்கும்படி திருப்பி ஓரமாக வைத்துவிடுங்கள்.

உள்ளே செருப்பு தருவார்கள். தாதாமி எனப்படும் கோரைப்பாய்த் தரை வந்ததும் அதையும் கழற்றிவிட வேண்டும். கழிவறை வாசலில் தனியாக ஒரு ஜோடி இருக்கும். அதை மாட்டிக்கொண்டு போனவர்கள், அதே செருப்போடு கூடத்துக்கு வந்து நிற்பது அடிக்கடி நடக்கிற காமெடி. யாரும் சொல்ல மாட்டார்கள், எல்லோரும் பார்ப்பார்கள்.

நாம் வெறுங்காலோடு நடப்பதை மரியாதை என்று நினைக்கிறோம். அங்கே அடுத்தவர் வீட்டுக்கு வெறுங்காலோடு போவது அவ்வளவு நன்றாக இருக்காது. கைப்பையில் ஒரு ஜோடி சுத்தமான சாக்ஸ் இருக்கட்டும், ஓட்டை இல்லாததாக. சில உணவகங்களிலும் கோயில்களிலும் ஷூவைக் கழற்றவேண்டி வரும் என்பதால், நாடா கட்டும் ஷூவைவிட மாட்டிக்கொள்ளும் ரகம் நல்லது.

பெட்டியின் சக்கரமும் செருப்புக்குச் சமம். தாதாமி அறையில் பெட்டியை உருட்டாதீர்கள், தூக்கி வையுங்கள். சுவரில் சுருள் ஓவியம் தொங்க, கீழே பூச்சாடி இருக்கிற சற்று உயர்ந்த மாடம் ஒன்று தெரியும். லக்கேஜ் வைக்கச் செய்துவைத்த மேடை போலவே இருக்கும். அது தோகோனோமா, அந்த அறையின் கௌரவ இடம். பெட்டியை அங்கே வைத்துவிடாதீர்கள்.

நாங்கள் சுத்த சைவம். பத்து நாள் எப்படிச் சமாளிப்பது?
– மயிலாடுதுறை வாசகர்

இந்த இதழுக்கு வந்த கேள்விகளில் பாதி இதுதான். முதலில் எதிரி யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்: இறைச்சி இல்லை, டாஷி. கத்சுவோபுஷி என்று ஒரு மீன் கருவாடு இருக்கிறது. புகையூட்டிக் கட்டைபோல் ஆகும்வரை காயவைத்து, மெல்லிய சீவலாகச் சீவி, வெந்நீரில் போட்டு எடுக்கும் சாறுதான் டாஷியின் மிகச் சாதாரண வடிவம். நம் சமையலில் பருப்புத் தண்ணீர் எங்கெல்லாம் போகுமோ, அங்கெல்லாம் அது போகும். மிசோ சூப், உடோன், சோபா என்ற நூடுல்ஸ் வகைகள், தெம்புரா என்ற பஜ்ஜிக்குத் தொட்டுக்கொள்ளும் சாறு, வேகவைத்த காய்கறி, முட்டை ரோல் எல்லாவற்றிலும் உண்டு. தட்டில் கண்ணுக்குத் தெரிவது பூசணியும் கீரையுமாக இருக்கும். அது வெந்தது மீன் சாற்றில்.

'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் பலன் இல்லை. 'நிகு' என்ற சொல்லில் மீன் அடங்காது. அதனால் இப்படிச் சொல்லுங்கள்: 'நிகு தோ சகானா வா தாபேமாஸென். டாஷி மோ தாபேராரேமாஸென்.' இறைச்சியும் மீனும் சாப்பிட மாட்டேன், டாஷியும் சாப்பிட முடியாது என்று அர்த்தம். வாயால் சொல்வதைவிட, ஜப்பானிய எழுத்தில் போனில் வைத்திருந்து காட்டுவது மேல். கடைக்காரர் தலையைச் சாய்த்து, பல்லிடுக்கில் காற்றை இழுத்து 'ச்சோத்தோ...' என்று இழுத்தால், அங்கே கிடைக்காது என்று பொருள். வற்புறுத்தினால் அவருக்குத்தான் சங்கடம். நன்றி சொல்லிவிட்டு அடுத்த கடையைப் பாருங்கள்.

ஒவ்வாமை அட்டவணையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இறால், நண்டு, முட்டை, பால், கோதுமை போன்றவற்றைப் பொட்டலத்தில் குறிப்பிடுவது அங்கே கட்டாயம். டாஷிக்கான மீன் அந்தக் கட்டாயப் பட்டியலில் கிடையாது. முழுச் சேர்மானப் பட்டியலைப் போன் கேமராவில் மொழிபெயர்த்துப் படித்தால்தான் விஷயம் தெரியும். ஜப்பானியக் கறி கட்டிகளில் மாட்டுக் கொழுப்பு இருப்பது சர்வ சாதாரணம். 'வெஜிடபிள் கறி' என்ற பலகையைப் பார்த்து உள்ளே போய்விடாதீர்கள். மேலே காய்கறி, கீழே குழம்பு அதேதான்.

ஓரளவு பயமில்லாமல் எடுக்கக்கூடியவை: வெள்ளரிக்காய் சுருட்டிய கப்பாமாகி, வறுத்த சர்க்கரைவள்ளி, வெறும் சோறு. குளிர்ந்த டோஃபுவின் மேல் மீன் சீவலைத் தூவித் தருவார்கள். முன்பே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். கொன்பினி எனப்படும் 24 மணி நேரக் கடைகளில் 200 கிராம் சோற்றுப் பொட்டலம் கிடைக்கும், மைக்ரோவேவில் 2 நிமிடம். பருப்புப்பொடியும் ஒரு சின்னப் புட்டி நல்லெண்ணெயும் கையில் இருந்தால் ராத்திரி சாப்பாடு முடிந்தது. ஹோட்டல் அறைகளில் வெந்நீர்க் கெட்டில் பெரும்பாலும் இருக்கும் என்பதால் உடனடி உப்புமா, சேமியாவும் கைகொடுக்கும்.

கட்டாயம் ஒரு வேளையாவது ஷோஜின் ரியோரி சாப்பிடுங்கள். புத்த மடாலயச் சமையல். சாறு எடுப்பதே கடற்பாசியிலும் காய்ந்த காளானிலும்தான். இறைச்சி, மீன் மட்டுமல்லாமல் வெங்காயம், பூண்டும் கிடையாது. வகாயாமா மாவட்டத்தில் கோயாசான் மலைமேல், தங்குவதற்கு அறை தரும் மடங்கள் ஐம்பதுக்கு மேல் உண்டு. ராத்திரியும் காலையும் இந்தச் சாப்பாடுதான்; விடியற்காலை வழிபாட்டிலும் உட்காரலாம். சாம்பார் ஏக்கம் தாங்க முடியாதவர்களுக்கு, டோக்கியோவில் இந்தியர்கள் அதிகம் வசிக்கும் நிஷிகசாய் பகுதி இருக்கிறது.

கையால் சாப்பிட்டால் தப்பா? குச்சி பிடிக்க வரவில்லை.
– திண்டுக்கல் வாசகர்

சூஷியையும் ஒனிகிரி சோற்றுருண்டையையும் கையால் எடுத்துச் சாப்பிடலாம், அது அவர்கள் வழக்கமே. மற்றதற்குக் குச்சி, கறி சோற்றுக்கு ஸ்பூன். 'ஃபோக்கு' என்று கேட்டால் பல இடங்களில் முள்கரண்டி தருவார்கள். குச்சியைத் தப்பாகப் பிடித்தால் யாரும் பொருட்படுத்துவதில்லை. இரண்டு விஷயங்கள் மட்டும் முகத்தைச் சுளிக்கவைக்கும். ஒன்று, சோற்றில் குச்சிகளைச் செங்குத்தாகக் குத்தி நிறுத்துவது: இறந்தவருக்குப் படைக்கும் சோற்றில்தான் அப்படி வைப்பார்கள். இரண்டாவது, ஒருவர் குச்சியிலிருந்து இன்னொருவர் குச்சிக்கு உணவை மாற்றுவது: தகனம் முடிந்ததும் எலும்பு எடுக்கும் சடங்கில் குச்சிகளைக் கொண்டுதான் கைமாற்றுகிறார்கள். வடையைப் பங்குபோடுகிற நினைப்பில் நாம் சட்டென்று நீட்டிவிடுவோம். தட்டில் வைத்து, தட்டை நகர்த்துங்கள்.

நமக்கு நேர் எதிரான ஒன்று இடது கை. சும்மா மடியில் கிடக்கும் கை அங்கே வேலை செய்தாக வேண்டும். சோற்றுக் கிண்ணத்தையும் சூப் கிண்ணத்தையும் இடது கையில் நெஞ்சளவுக்குத் தூக்கிச் சாப்பிடவேண்டும். கிண்ணத்தை மேசையில் விட்டுவிட்டு முகத்தைக் குனிந்து கொண்டுபோனால், நாய் தின்பதுபோல என்று ஒரு பெயரே வைத்திருக்கிறார்கள். நூடுல்ஸை உறிஞ்சலாம். ஏப்பம் கூடாது. உட்கார்ந்ததும் தரும் ஈரத்துண்டு கைக்கு மட்டும். முகம், கழுத்து வேண்டாம்.

மதுக்கூடத்தில் கேட்காமலேயே ஒரு சின்னக் கிண்ணத்தில் எதையோ வைத்தால் அதற்கு ஓதோஷி என்று பெயர். பெரும்பாலும் 300 முதல் 500 யென்வரை பில்லில் ஏறும். ஏமாற்று என்று சண்டைக்குப் போகாதீர்கள், அதுதான் இருக்கைக் கட்டணம்.

டிப்ஸ் எத்தனை சதவீதம்?
– பாண்டிச்சேரி வாசகர்

பூஜ்யம். மேசையில் விட்டு வந்தால், மறந்துவிட்டீர்கள் என்று பின்னாலேயே ஓடிவந்து கொடுப்பார்கள். காசைக் கையில் நீட்டாமல், கல்லாவில் இருக்கும் சின்னத் தட்டில் வையுங்கள்.

ஒன்சென் வெந்நீர் ஊற்றில் உடையில்லாமல்தான் குளிக்கவேண்டும் என்கிறார்களே, உண்மையா? கூச்சமாக இருக்கிறது.
– ஈரோடு வாசகி

உண்மை. நீச்சல் உடைக்கு அனுமதி இல்லை. ஆண், பெண்ணுக்குத் தனித்தனி இடம். வாசலில் தொங்கும் திரை பெரும்பாலும் ஆண்களுக்கு நீலம், பெண்களுக்குச் சிவப்பு. சில விடுதிகளில் ராத்திரி ஆண்களுக்கு இருந்த குளியலறை காலையில் பெண்களுக்கு மாறிவிடும், ஒவ்வொரு முறையும் திரையைப் பாருங்கள். கூச்சம் இருந்தால் 'காஷிகிரி' என்று கேளுங்கள். பூட்டிக்கொள்ளும் தனிக் குளியலறையைக் குடும்பத்துக்கு மட்டும் வாடகைக்குத் தருவார்கள். பச்சை குத்தியவர்களைப் பொதுக் குளத்தில் விடாத இடங்கள் நிறைய உண்டு என்பதால், கையில் பச்சை உள்ள பாட்டிமார்களுக்கும் இதுதான் வழி.

நம் கணக்கில் குளத்தில் இறங்குவதே குளிப்பதற்கு. அங்கே குளித்துவிட்டுத்தான் குளத்தில் இறங்கவேண்டும். சுவரோரம் தாழ்வான முக்காலி, கைக்குழாய், சோப்பு, ஷாம்பு எல்லாம் வரிசையாக இருக்கும். முக்காலியில் உட்கார்ந்து (நின்றால் பக்கத்தில் இருப்பவர்மேல் தெறிக்கும்) சோப்பு நுரை ஒரு சொட்டு இல்லாமல் அலசி, முக்காலியையும் கழுவி வைத்துவிட்டு இறங்குங்கள். நீளக் கூந்தலைத் தூக்கிக் கட்டுங்கள். சின்னத் துண்டை நீரில் நனைக்காமல் மடித்துத் தலையில் வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் 40 டிகிரிக்கு மேலேயே இருக்கும். ஐந்து, பத்து நிமிடத்தில் ஏறிவிடுங்கள். சட்டென்று எழுந்தால் தலை சுற்றும். முங்குவது, நீந்துவது, தேங்காய் எண்ணெய்த் தலையோடு இறங்குவது மூன்றும் கூடாது.

விடுதியில் தரும் யுகாதா என்ற பருத்தி அங்கியை இடப்பக்கம் மேலே வரும்படி மடித்துக் கட்டுங்கள். வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை.

கோயில்களில் நாம் கும்பிடலாமா? என்ன முறை?
– மதுரை வாசகர்

தாராளமாக. ஆனால் ஜின்ஜா என்பது ஜப்பானின் பூர்வீக சமயமான ஷிண்டோவின் கோயில், தேரா என்பது புத்தர் கோயில், முறை வேறு. ஜின்ஜாவுக்கு முன்னால் தோரீ என்ற வளைவு நிற்கும். நுழையும்போது ஒருமுறை தலைகுனிந்து, பாதையின் நடுவை விட்டு ஓரமாகப் போங்கள். நடுவழி சாமிக்கு. தண்ணீர்த் தொட்டியில் வலது கையால் அகப்பையில் மொண்டு இடது கையில் ஊற்றுங்கள்; கை மாற்றி வலது கையில்; மறுபடி வலது கைக்கு மாற்றி, இடது உள்ளங்கையில் நீர் வாங்கி வாய் கொப்பளித்து, அந்தக் கையைக் கழுவுங்கள். கடைசியில் அகப்பையை நிமிர்த்தினால் மிச்ச நீர் காம்பு வழியே வடிந்து அதையும் கழுவிவிடும். இதெல்லாம் ஒரே மொண்டலில். அகப்பையில் வாய் வைக்கக்கூடாது. தூக்கிக் குடிக்கத் தெரிந்த நமக்கு அது கஷ்டமில்லை. கொரோனாவுக்குப் பிறகு பல இடங்களில் அகப்பையை எடுத்துவிட்டுக் குழாய் நீர் விட்டிருக்கிறார்கள். பிறகு சன்னதியில் காசு போட்டு, இரண்டு முறை குனிந்து, இரண்டு முறை கைதட்டி வேண்டிக்கொண்டு, ஒருமுறை குனியவேண்டும். இசுமோ பெருங்கோயில் போன்ற சில இடங்களில் நான்கு தட்டல். 5 யென் நாணயம் ராசி: 'கோ-என்' என்ற ஒலிக்கு 'நல்ல பந்தம்' என்றும் பொருள் வரும்.

புத்தர் கோயிலில் கைதட்டக்கூடாது. கைகூப்பினால் போதும். ஊதுவத்தி ஏற்றும்போது ஒரு எச்சரிக்கை. விளக்கிலிருந்து விளக்கேற்றுவது நமக்கு மங்களம். அங்கே வேறொருவர் ஏற்றிவைத்த மெழுகுவத்தியில் நம் வத்தியைப் பற்றவைத்தால் அவருடைய வினையையும் வாங்கிக்கொள்வதாக நம்பிக்கை. பொதுவுக்கு என்று வைத்திருக்கும் நெருப்பில் மட்டும் ஏற்றுங்கள். வத்தியின் சுடரை வாயால் ஊதி அணைக்கக்கூடாது, கையால் விசிறவேண்டும். இது நம் பாட்டி சொன்னதேதான்.

டோக்கியோவின் அசாகுசாவுக்கு எல்லோரும் போகிறீர்கள். சென்சோஜி கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில் மத்சுசியாமா ஷோடென் என்று சின்னக் குன்றின்மேல் ஒரு கோயில் உண்டு. அங்கே இருக்கும் ஷோடென் நம் பிள்ளையார்தான், புத்த சமயத்தோடு போய்ச் சேர்ந்தவர். கொழுக்கட்டைக்குப் பதில் முழு வெள்ளை முள்ளங்கி படைக்கிறார்கள், கோயிலிலேயே விற்பார்கள். மூலவர் திருவுருவத்தை யாருக்கும் காட்டுவதில்லை. போட்டோவுக்காகத் தேடவேண்டாம்.

டோக்கியோவில் வேலை செய்யும் என் மகனைச் சக ஊழியர் கல்யாணத்துக்கு அழைத்திருக்கிறார். நாங்களும் அப்போது அங்கே இருப்போம். மொய் எவ்வளவு? 10,001 யென் என்று எழுதலாமா?
– கும்பகோணம் வாசகர்

அந்த ஒரு யென்னை முதலில் எடுத்துவிடுங்கள். நாணயம் சேர்க்கிற வழக்கமே அங்கே இல்லை. ஆனால் நீங்கள் ஒற்றைப்படை என்று யோசித்தது மிகச் சரி. இரட்டைப்படை இரண்டாகப் பிரியும், அதனால் ஒற்றைப்படை வேண்டும் என்பதே அவர்கள் கணக்கும். வித்தியாசம் இதுதான்: ஒற்றைப்படையாக இருக்கவேண்டியது 10,000 யென் தாள்களின் எண்ணிக்கை. நண்பர், சக ஊழியர் என்றால் 30,000 யென், மூன்று தாள். உறவினர், மேலதிகாரி என்றால் 50,000. நாலும் ஒன்பதும் ஆகாது. நாலின் ஒலி சாவையும் ஒன்பதின் ஒலி துன்பத்தையும் ஞாபகப்படுத்தும். 20,000 வைக்கிற இளைஞர்கள் ஒரு 10,000 தாள், இரண்டு 5,000 தாள் என்று மூன்றாக்கிவிடுகிறார்கள். இந்தச் சாமர்த்தியம் நமக்கும் பிடிக்கும்.

தாள்கள் மடிப்பே விழாத புதிதாக இருக்கவேண்டும். முன்கூட்டியே காத்திருந்தேன் என்று காட்டுவதற்காக. வங்கிக் கவுண்ட்டரில் மாற்றித் தருவார்கள். உறை கொன்பினியிலேயே கிடைக்கும், ஆனால் தப்பானதை எடுத்துவிடக்கூடாது. சிவப்பு-வெள்ளை அல்லது தங்கம்-வெள்ளி நிறத்தில் மிசுஹிகி என்ற காகிதக் கயிறு கட்டியிருக்கும். கல்யாணத்துக்கு அவிழ்க்கவே முடியாத இறுக்கமான முடிச்சு. பட்டாம்பூச்சி போன்ற முடிச்சு, இழுத்தால் அவிழ்ந்து மறுபடி கட்டக்கூடியது. குழந்தை பிறப்புக்கு அது சரி, கல்யாணத்துக்குக் கொடுத்தால் 'இன்னொரு முறையும் நடக்கட்டும்' என்று வாழ்த்தியதாகிவிடும். அலங்காரம் தொகைக்கு ஏற்றதாக இருக்கட்டும். 30,000 யென்னைப் பெரிய தாம்பூலப் பை மாதிரி ஜிகினா உறையில் வைத்தால் சிரிப்பார்கள்.

உள்ளுறையில் தாளின் முகப்படம் முன்பக்கம் பார்த்து, மேலே வரும்படி வைத்து, தொகையும் முகவரியும் எழுதவேண்டும். வெளியுறையில் பெயர், கறுப்புத் தூரிகைப் பேனாவால் அழுத்தமாக. பின்பக்க மடிப்பில் கீழ்மடிப்பு மேல்மடிப்பின்மீது வரவேண்டும். மங்களத்தை ஏந்திக்கொள்வதற்காம். உறையை ஃபுகுசா என்ற துணியில் சுற்றி எடுத்துப்போய், வரவேற்பு மேசையில் பிரித்து, எழுத்து அவர்கள் பக்கம் பார்க்கும்படி இரண்டு கையாலும் கொடுத்துவிட்டு, வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதவேண்டும். நம் ஊர்போல மைக்கில் தொகையை வாசிக்கமாட்டார்கள்.

இனி உங்களுக்குக் கசப்பான செய்தி. அழைப்பு மகன் பெயருக்கு வந்திருந்தால் மகன் மட்டும்தான் போகமுடியும். 'குடும்பத்துடன் வருக' என்பது அங்கே இல்லை. ஒவ்வொரு நாற்காலிக்கும் பெயர் அட்டை, ஒவ்வொரு தலைக்கும் எண்ணிய சாப்பாடு. கூடப்போனால் உட்கார இடமும் இருக்காது, சாப்பாடும் இருக்காது, மணமக்களுக்குத் தர்மசங்கடம். வருகிறேன் என்று பதில் அனுப்பிவிட்டுப் போகாமல் இருப்பதும் அதே அளவு தப்பு. உங்கள் பெயரும் அழைப்பில் இருந்தால் தாராளமாகப் பட்டுப்புடவை கட்டலாம். வெள்ளையும் வெள்ளைக்குக் கிட்டத்தில் வரும் சந்தன நிறமும் மணப்பெண்ணுக்கு. ஆண்களுக்கு அடர்நிற சூட், வெள்ளி நிற டை. கறுப்பு டை துக்க வீட்டுக்கு.

துக்க வீட்டுக் காணிக்கையில் இதெல்லாம் தலைகீழ். புதுத்தாள் கூடாது, சாவை எதிர்பார்த்து எடுத்துவைத்ததுபோல் ஆகும். புதுசுதான் இருக்கிறது என்றால் நடுவில் ஒரு மடிப்பு விடுங்கள். சக ஊழியர் வீடு என்றால் 5,000 யென். கயிறு கறுப்பு-வெள்ளை, மை வெளிறியது, பின்பக்கம் மேல்மடிப்பு கீழ்மடிப்பின்மீது. திரும்பும்போது சின்ன உப்புப் பொட்டலம் தருவதுண்டு. வீட்டுக்குள் நுழையுமுன் உடம்பில் தூவிக்கொள்வதற்கு. துக்கத்துக்குப் போய் வந்து தலைமுழுகுகிறவர்களுக்கு விளக்கம் தேவையில்லை.

குழந்தைகளோடு எட்டுப் பேர் போகிறோம். ரயிலில் என்ன கவனிக்கவேண்டும்?
– திருநெல்வேலி வாசகர்

சத்தம். நகர ரயிலில் போனில் பேசக்கூடாது, ஒலியை அடக்கிவைக்கவேண்டும், ஸ்பீக்கரில் பாட்டு நினைத்தே பார்க்கக்கூடாது. எட்டுப் பேர் ஒரே பெட்டியில் ஏறினால் நம் சாதாரணப் பேச்சே சந்தை இரைச்சலாகக் கேட்கும். இரண்டு கதவுகளில் பிரிந்து ஏறுங்கள். முதுகுப்பையை முன்னால் மாட்டிக்கொள்ளுங்கள். நடைமேடையில் கோடு போட்ட இடத்தில் வரிசையாக நின்று, இறங்குகிறவர்கள் முழுக்க இறங்கியபின் ஏறவேண்டும். காலை நெரிசலில் பெண்களுக்கு மட்டுமான பெட்டி உண்டு, தரையிலும் கதவிலும் இளஞ்சிவப்பில் எழுதியிருக்கும். ஆண்கள் பழக்கதோஷத்தில் ஏறிவிடாதீர்கள்.

ஷின்கான்சென் புல்லட் ரயிலில் சாப்பிடலாம், அதற்கென்றே ஸ்டேஷனில் எகிபென் டப்பா விற்கிறார்கள். கட்டுச்சோறும் பிரிக்கலாம், மாவடு, கருவாட்டு வாசனை வேண்டாம். டோக்கியோ-ஒசாகா தடத்தில் பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டி 160 செ.மீ.க்கு மேல் 250 செ.மீ.க்குள் இருந்தால், பெட்டி வைக்க இடமுள்ள இருக்கையை முன்பதிவு செய்யவேண்டும். கூடுதல் காசு இல்லை. முன்பதிவு செய்யாமல் ஏற்றினால் 1,000 யென். விமானத்துக்கு நாம் கட்டுகிற பெரிய பெட்டி இந்தக் கணக்கில் சுலபமாக மாட்டும். அதற்கு நல்ல வழி தக்யூபின் என்ற கூரியர்: ஹோட்டல் வரவேற்பில் கொடுத்தால் அடுத்த ஊர் ஹோட்டலுக்குப் பெரும்பாலும் மறுநாள் போய்ச் சேரும். ஒரு ராத்திரிக்கான துணியைக் கையில் வைத்துக்கொண்டால் போதும்.

எஸ்கலேட்டரில் டோக்கியோவில் இடப்பக்கம், ஒசாகாவில் வலப்பக்கம் நிற்பார்கள். முன்னால் நிற்பவரைப் பார்த்து நில்லுங்கள். தெருவில் குப்பைத்தொட்டி கிட்டத்தட்ட இருக்காது. 1995இல் டோக்கியோ சுரங்க ரயிலில் நடந்த விஷவாயுத் தாக்குதலுக்குப் பிறகு பல இடங்களில் எடுத்துவிட்டார்கள். ஆளுக்கொரு பிளாஸ்டிக் பை வைத்திருந்து, அறைக்குக் கொண்டுபோய்ப் போடுங்கள்.

மாத்திரை, ஊறுகாய் கொண்டுபோகலாமா?
– சேலம் வாசகி

மருத்துவர் எழுதித்தந்த மாத்திரை ஒரு மாத அளவுக்குள் என்றால் தனி அனுமதி வேண்டாம், சீட்டை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். அதற்குமேல் என்றால் புறப்படுமுன்பே ஜப்பான் அரசிடம் இறக்குமதிச் சான்று வாங்கவேண்டும். கோடீன் கலந்த இருமல் மருந்தும் சூடோஎஃபெட்ரின் கலந்த சளி மாத்திரையும் அளவு மீறினால் அங்கே தடை. நம் தெருமுனைக் கடையில் வாங்கியது என்று அலட்சியமாக இருக்காதீர்கள், பின்பக்கச் சேர்மானத்தைப் படியுங்கள். மாங்காய், எலுமிச்சை ஊறுகாய் பரவாயில்லை. கோழி ஊறுகாய் போல இறைச்சி கலந்த எதுவும் கூடாது. பச்சைக் கறிவேப்பிலை, மிளகாய், மாம்பழம் வீட்டிலேயே இருக்கட்டும்.

ஒரு ஜப்பானியக் குடும்பம் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறது. என்ன வாங்கிப் போவது?
– கோவை வாசகி

பூ, பழத்தைவிட நம் ஊர்த் தின்பண்டம் நல்லது. தனித்தனியாக உறையிட்டதாக இருந்தால் இன்னும் நல்லது. கடலைமிட்டாய், பர்ஃபி பொருந்தும். நெய் சொட்டும் மைசூர்பாகு பலருக்குத் திகட்டும். நான்கு எண்ணிக்கையில் கொடுக்காதீர்கள். சொன்ன நேரத்துக்கு ஐந்து நிமிடம் தள்ளிப் போங்கள், முன்னால் போகாதீர்கள். சமையல் முடியாத வீட்டைத் தட்டியதுபோல் ஆகும். பரிசை வாசலிலேயே நீட்டவேண்டாம். உள்ளே போய் அறையில் வணக்கம் சொன்னபிறகு, பையிலிருந்து பெட்டியை வெளியே எடுத்து, எழுத்து அவர்களைப் பார்க்கும்படி திருப்பி, இரண்டு கையாலும் கொடுங்கள். உங்கள் முன்னால் பிரிக்காமல் வைத்துக்கொள்ளலாம், பிடிக்கவில்லை என்று நினைக்காதீர்கள். காலிப் பையை அங்கே விட்டுவிடாமல் மடித்து நீங்களே எடுத்து வந்துவிடுங்கள்.